நாரை கேட்ட வரம்

மூன்றாம் ஷிப்டில் டிவி ரிமோட் என்னிடம்தான்.
ஒன்பது மணிக்கு ஆறு படுக்கையும் பேச்சை நிறுத்தும்.
கோரிப்பாளையம் சிக்னலில் பஸ்கள் உறுமுவது
கண்ணாடி வழியே கொஞ்சம் கேட்கும்.
ஆறு எந்திரங்களில் ஆறு பேரின் இரத்தம்
வெளியே போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பும்.
சுவரில் கதிர்மாறன் குதிரையிலிருந்து இறங்குவான்.

நல்லவன். அதில் எங்களுக்குள் சண்டையே இல்லை.
முதல் மாதம் முழுக்கப் பாம்புத்தலை அரக்கனிடமிருந்து
ஊர் ஊராக மீட்டுக்கொடுத்தான்.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, தம்பியின் சிதையருகே,
என் நாட்டில் இனி எந்தத் தாயும் அழக்கூடாது என்று
எமனின் பாசக்கயிற்றைப் பறித்து
பாழுங்கிணற்றில் எறிந்து
கல்லால் மூடினான்.
ஆறு படுக்கையும் கைதட்டின,
ஊசி இல்லாத கையால் தொடையில்.

திங்கட்கிழமை
கழுத்தில் அம்போடு ஒரு வீரன்
சாக முடியாமல் அரண்மனை வாசலில் நின்றான்.
செவ்வாய்க்கிழமைக் கதையை நான்தான் சொல்ல வேண்டும்,
அன்று இவர்களுக்கு முறை இல்லை.
நூறு பேர் நின்றார்கள் என்றேன்.
முனகல் கேட்டு ஊர் தூங்கவில்லை என்று
புதன்கிழமை மதில் எழுப்பச் சொன்னான்.
அதுவும் ஊர் நன்மைக்கே.

"பய கெட்டுப் போயிட்டான்" என்றார்
அவனியாபுரம் லாரி ஷெட் பிச்சைமணி.
"கெடலண்ணே" என்றாள் நாலாம் படுக்கை ரோஸ்லின்,
இருபத்தாறு வயது.
"நல்லதுதான் செய்யிறான். நாள் தவறாம."
விளம்பரத்தில் ஒருத்தி சோப்பை முகர்ந்தாள்.

பொற்றாமரைக் குளத்தில் மீன் கிடையாது.
பசித்த நாரை ஒன்று, புண்ணிய மீனைத் தின்ன மனம் வராமல்,
பின்னால் வரும் நாரைகளும் பாவத்தில் விழக்கூடாதென்று
மீனே இல்லாமல் போக வரம் கேட்டதாம்.
சின்ன வயதில் குளத்துப் படியில் உட்கார்ந்து
அந்த நாரைக்காகக் கண் கலங்கியிருக்கிறேன்.
மீன்களை நினைக்க இத்தனை வருடம் ஆனது.

இதை யாரிடமும் சொன்னதில்லை.
ஆவணியில் பிச்சைமணி மகளுக்குக் கல்யாணம்.
"ஒரு ஜிகர்தண்டா, தாயி. முழு கிளாஸ்.
அப்புறம் நீ என்ன வேணா திட்டு."
நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்குமேல் தொடக்கூடாத மனிதர்.
முந்தின ராத்திரி எந்திரத்தில்
மூன்று என்றிருந்ததை நாலேகால் ஆக்கினேன்.
உடம்பில் இடம் இருக்கட்டும், மனுஷன் குடிக்கட்டும்.
டாக்டரைக் கேட்கவில்லை.
அவரையும்.
பதினொன்றே முக்காலுக்கு
கெண்டைக்கால் கல்லாய் இறுகி, கண் மேலே செருகி,
பிரஷர் அறுபதுக்குக் கீழே போனது.
கால்மாட்டைத் தூக்கி, உப்புநீர் ஏற்றி,
அண்ணே அண்ணே என்று கன்னத்தைத் தட்டி.

பதிவேட்டில் மூன்று என்றே எழுதினேன்.
விடிந்தால் கல்யாணம், வீட்டில் பதறுவார்களே என்று.
அதுவும்.

சக்கர நாற்காலியில் போனாராம்,
மணமேடைக்கு எதிரே தூங்கிவிட்டாராம்.
அடுத்த முறை வரும்போது
அதிரசம் கொண்டுவந்தார்.
"உன் கையாலதான் உசுரு தப்புச்சு."
வாங்கிப் பையில் போட்டேன். அது
பையிலேயே பூசணம் பூத்தது.

இந்தப் புதன்கிழமை
கதிர்மாறன் கிணற்றடிக்கு வந்தான்.
முடி நரைத்திருந்தது. கிரீடம் இல்லை.
கல்லை இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தான்.
அவனே வைத்த கல்.
வியாழன் முழுக்க அந்தக் கல்லையே காட்டினார்கள்.

இன்று வெள்ளி.
எடை பார்த்தேன். மூன்றரை கிலோ கூடியிருந்தார்.
"எவ்வளவு எடுக்கட்டும்ண்ணே?"
பதினான்கு மாதத்தில் முதல் முறையாகக் கேட்டேன்.
பிச்சைமணி என் பக்கம் திரும்பவில்லை.
"சவுண்டக் கூட்டு தாயி" என்றார்.
"கல்லு நகருது."