ஒரு சாண்

இங்கே மனைவிக்கு 'போ ரூமோ' என்று பெயர்,
வீட்டை உடையவள்.
பொய்யில்லை. மரக்கால்கள் மேல் நிற்கும் இந்த வீடு
அம்மா எனக்குக் கொடுத்தது.
சண்டை முற்றினால் படியிறங்க வேண்டியவன்
முன்ஸிர்தான்.

வயலுக்கு அப்படி ஒரு சொல் இல்லை.
வயலுக்குக் காகிதம் வேண்டும்.
என் காகிதம் எரிந்தது, லாரிகள் வந்த வருஷம்,
ஊர்த்தலைவரின் மரப்பெட்டியோடு.
தீ வைத்தது யார் என்று இரண்டு கதை உண்டு.
கேட்பவர் முகத்தைப் பார்த்துவிட்டு
இரண்டையும் விழுங்கப் பழகிவிட்டோம்.

ஆகவே எல்லைக்கு ஏழு பாக்குமரங்கள்.
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மர்ஹபான்.
காய் யார் மண்ணில் விழுகிறதோ அவருக்கு.
காற்றடித்த காலைகளில்
ஒருவரையொருவர் பார்க்காமல் பொறுக்குவோம்.

செவ்வாய் இரவு யானைகள்.
காட்டோரம் நின்று அந்தப் பெயரைச் சொல்லக் கூடாது,
'போ மூரா' என்போம்.
அங்கும் அதே 'போ'. உடையவர்.
நெல் பால் பிடித்த சேதி எப்படித்தான் எட்டுகிறதோ,
ஐந்து பேர் வந்தார்கள், குட்டியோடு.
தின்றது கொஞ்சம், மிதித்தது மீதி.
குருத்துக்காக ஆறு பாக்கைச் சாய்த்தார்கள்.
ஏழாவதில் முதுகைத் தேய்த்துக்கொண்டு
விட்டுவைத்தார்கள்.

மாவட்ட அலுவலகப் பையன் படிவத்தோடு வந்தான்.
உயிர்ச்சேதம்: இல்லை.
பொருட்சேதம்: கோடுகள் போதவில்லை, பின்பக்கமும் எழுதினான்.
நிலப் பத்திர எண்:
பேனா நின்றது.
பத்தொன்பது வயது இருக்கும்.
லாரிகளைப் பார்த்திராத கண்.
"அப்புறம் நிரப்பலாம்" என்றான், நல்ல பையன்.

வெள்ளியன்று தொழுகை முடிந்து வந்து
மர்ஹபான் ஆறு கன்று நட்டான்.
கயிறு கட்டித்தான் நட்டான்.
மூன்றாவது மட்டும்
என் பக்கம் ஒரு சாண்.
கயிறு தளர்ந்ததோ, மனசு தளர்ந்ததோ.

ஒரு சாணில் என்ன விளைந்துவிடும்?
ஒரு பிடி நெல். சின்னக் கிண்ணம் சோறு.
ஆனால் லாரி வருஷம் முழுக்க
மலைக்கு அப்பால், தார்ப்பாயின் கீழ்,
கண்ணை மூடினால் எனக்குத் தெரிந்தது
அந்தக் கிண்ணம்தான்.

இரவு மண்வெட்டியோடு போனேன்.
முன்ஸிர் மேற்கே பரணில் காவலிருந்தான்.
கூப்பிடவில்லை. உடையவள் நான்.
கன்றுக்குப் பக்கத்தில் ஒரு நெருப்புப் பொட்டு,
கிராம்புச் சிகரெட் வாசம்.
மர்ஹபான். அவன் கையிலும் மண்வெட்டி.
திருத்த வந்தானா,
இன்னொரு சாணுக்கு வந்தானா?
நான் கேட்கவில்லை. அவனும் என்னைக் கேட்கவில்லை.

அப்போது வெடித்தது.

முன்ஸிரின் கார்பைடு குழாய்தான், தெரியும்.
கொஞ்சம் கல், கொஞ்சம் தண்ணீர், ஒரு தீக்குச்சி,
யானைக்கு வைத்த சத்தம்.
தெரிந்தும் குப்புற விழுந்தோம், இருவரும்,
முழங்கை உள்ளே, கன்னம் மண்ணில், வாய் திறந்து.
உடம்பு அப்போது படித்ததை
ஒரு எழுத்தும் மறக்கவில்லை.

எவ்வளவு நேரமென்று தெரியாது.
சேறு குளிர்ந்தது. அவன் மூச்சு கேட்டது,
என்னுடையதைவிட வேகமாக.
யார் நிலத்தில் யார் கிடந்தோம் என்று
பகலில் அளந்தால் சொல்லலாம்.

பிறகு இருட்டில் கையால் துழாவினான்.
அவன் தொப்பி என் காலடியில் கிடந்தது.
எடுத்துக் கொடுத்தேன்.
"பேரப்பிள்ளை முழித்திருப்பான்" என்று சொல்லி
மண்வெட்டியை மறந்துவிட்டுப் போனான்.

கன்று அங்கேயேதான் நிற்கிறது,
எங்களில் யாரோ மேலே விழுந்ததில்
அவன் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து.
யாரும் நிமிர்த்தவில்லை.