எட்டுக் கட்டம், ஆறு பெயர்

சதுரம் என்றால் ஆண், வட்டம் என்றால் பெண்.
குன்னூர் ஆஸ்பத்திரியில், தாளின் அடியில்
மிதுனாவுக்கு ஒரு வட்டம் போட்டு
உள்ளே கறுப்பு தீட்டினார் டாக்டர்.
காது கேட்காததற்கு அதுதான் குறியாம்.
மேலே நானும் பவளக்கொடியும்.
எங்களைச் சேர்த்துக் கோடு இழுத்தவர்
பேனாவை எடுக்காமல் கேட்டார்:
"சொந்தமா?"
"அத்தை மகள்."
கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு விழுந்தது,
மலை ரயிலின் தண்டவாளம் மாதிரி.

அதற்கு மேலே நாலு. அதற்கும் மேலே எட்டு.
பெயர் சொல்லிக்கொண்டே வந்தோம்,
ஆறோடு தீர்ந்துவிட்டது.
என் அப்பாவைப் பெற்ற சடையனும் வீராயியும்தான்
இவள் அம்மாவையும் பெற்றவர்கள்.
பந்தியில் ரெண்டு இலைக்கு
ஒரே ஆள் உட்கார்ந்த கதை.

"உரிமைப் பெண், சொத்து வெளியே போகக் கூடாது"
என்றுதான் கட்டிவைத்தார்கள்.
கண்டியிலிருந்து கப்பலேறி வந்த சொத்து:
மண்டபம் முகாமில் கொடுத்த அலுமினியச் சட்டி ரெண்டு,
மூடி ஒன்று.
வெளியே போகாமல் நின்றது
அந்த இருவரில் ஒருவர் உடம்பில்
சத்தமில்லாமல் கிடந்த ஒரு பிழை.
சடையனா வீராயியா, அது தெரியாதாம்.
இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும்.
ஒரு வழியாக என்னிடம் வந்தது,
இன்னொரு வழியாக இவளிடம்.
மிதுனாவிடம் வந்து ரெண்டும் சந்தித்துக்கொண்டன.

கோத்தகிரி பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கம் பெருக்கினேன்.
நாற்றங்காலில் கணக்கெழுதும் கை, சும்மா இராது.
பத்துத் தலைமுறைக்கு ஆயிரத்து இருபத்து நாலு.
இருபதுக்குப் பத்து லட்சம் தாண்டுகிறது.
முப்பதில் நூற்றேழு கோடி.
அன்றைக்கு உலகத்திலேயே அத்தனை பேர் கிடையாது.
அப்படியென்றால் எல்லா வீட்டு மரத்திலும்
இலை குறைவு, பந்தியில் மாறி மாறி உட்கார்ந்திருக்கிறார்கள்.
கட்டபெட்டில் ஏறிய படகர் பெரியவரும் நானும்
எங்கோ ஒரு சட்டியில் ஒன்றாய்ச் சாப்பிட்டிருப்போம்.
அவர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன்.

டாக்டர் சொன்ன இன்னொன்று தூங்கவிடவில்லை.
அந்த ஆயிரத்துச் சொச்சத்தில் பாதிக்குக் கிட்ட
உடம்பில் ஒரு துணுக்கும் வைக்காமல் போனவர்களாம்.
யாரோ ஒருத்தி பஞ்சத்தில் நடந்து,
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆறு தாண்டி,
அவள் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை.
ஆனால் எங்கள் ரத்தத்தில் அவள் இல்லை.
பதிவேட்டில் பெயர் உண்டு, சம்பளம் பூஜ்யம்.

காலையில் நாற்றங்கால்.
ஒரு இலை, ஒரு கணு, சாய்வாய் ஒரு வெட்டு.
பை பைய்யாக நாலாயிரம் செடி, தாய் ஒன்றே.
அப்பன் கிடையாது, சந்தேகம் கிடையாது.
வேலி ஓரம் கவாத்துக்குத் தப்பிய பழைய தேயிலை
மரமாகிப் பூத்துக் காய்த்து நிற்கிறது.
அதன் விதை ஒவ்வொன்றும் என்னவாகும் என்று
துரைக்கும் தெரியாது.
பவளக்கொடிக்கு இது மூணாம் மாசம்.
நாலில் ஒன்று, என்றார் டாக்டர்.
நாலில் மூன்று, என்றாள் இவள்,
தட்டைக் கழுவியபடி.

மாலையில் பனி இறங்கியது.
மிதுனா ஜன்னலில் நின்று
ரெண்டு உள்ளங்கையாலும் தன் முகத்தை
மேலிருந்து கீழே மெதுவாக மூடினாள்.
பனிக்கு அவள் வைத்த சைகை அது.
யாரும் சொல்லித் தரவில்லை.
ஆறு பெயரிலும் தேடினேன், நூற்றேழு கோடியிலும்.

நேற்று வேலை முடிந்து வரும்போது
மேட்டிலிருந்து பவளக்கொடி எனக்கு
அதே சைகையைக் காட்டினாள்.
குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.