எத்தனை அடி

பெரிய சனிக்கிழமை காலையில்
பிரகாசி ஆள் விட்டுக் கூப்பிட்டாள்.
பாம்பன் தெற்குவாடிக் கல்லறைத் தோட்டத்தில்
கருவை முள்ளை வெட்டித் தள்ளி
ஆள் நீளத்துக்கு நூல் கட்டி வைத்திருந்தாள்.
எத்தனை அடி தோண்டணும் என்றேன்.
கேட்ட பிறகுதான் உறைத்தது,
அந்தக் குழிக்குள் இறக்க ஆள் இல்லை.

அருளானந்து போனது கார்த்திகை வாடையில்.
வல்லம் வந்தது, ஒரு பக்கம் பிளந்து.
வலை வந்தது.
குந்துகால் ஓரம்
ஐஸ் பெட்டியின் மூடி ஒதுங்கியது.
உடல் இல்லாததால் சான்றிதழ் இல்லை,
ஏழு வருசம் பொறு என்றார்களாம் ஆபீசில்.
"ஆண்டவருக்கு மூணு நாள்.
சர்க்காருக்கு ஏழு வருசம்"
என்று சிரித்தாள் பிரகாசி.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றடி உலர்ந்த மணல்.
நாலாவது அடியில் உப்புத் தண்ணீர்
மண்வெட்டியின் தடத்தில் ஊறி நின்றது.
இந்தத் தீவில் எந்தக் குழிக்கும் அதுதான் கதை.
வீட்டுக்குக் கடைக்கால் எடுத்தாலும்
முதலில் குடிவருவது கடல்.
முப்பது வருசமாகக் கொத்து வேலை;
எதன் மேல் எது நிற்கிறது என்று
பார்ப்பதுதான் பிழைப்பு.

ஆறுதலாகத்தான் சொன்னேன்:
"காலியாவே இருக்கட்டும் பிரகாசி,
நம்ம ஆண்டவர் கல்லறையும் காலிதானே."

பாசி எடுத்துக் கிழிந்த விரல்களில்
துணிச் சுற்று நனைந்திருந்தது.
அதை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்:
"காலிக் குழி என்ன சொல்லும் கொத்தனாரே?
காலின்னு சொல்லும். அவ்வளவுதான்.
விடியக் கருக்கல்ல போன பொம்பளையே
எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்னுதானே
முதல்ல அழுதா.

"அவர் கரைக்கு வந்தார்.
கரி மூட்டினார்.
திங்க ஏதாவது இருக்கான்னு கேட்டு
அவங்க கண்ணு முன்னால
சுட்ட மீனைத் தின்னார்.
தின்னா முள்ளைத் துப்பித்தானே இருப்பார்?
ஆவி முள்ளுத் துப்புமா?
எனக்கு அந்த ஒரு முள்ளு போதும்.

"அது பொய்யின்னா
சிலுவை வேண்டாம், திரி வேண்டாம்,
நாப்பது நாள் கவிச்சி விட்டதும் வீண்.
கோயிலை ஐஸ் கம்பெனிக்கு வாடகைக்கு விடலாம்,
சுவராவது குளிரும்."

கரண்டியைக் கீழே வைத்தேன்.
மேலே கொக்கு ஒன்று
பாலத்தைப் பார்த்துப் போனது.
"அப்போ இந்தக் குழி எதுக்கு?"

"எனக்கு" என்றாள்.
"நான் போறப்போ திறக்கலாம்,
இப்போ மணலைப் போட்டு மூடு.
கல்லுல மட்டும் ரெண்டு பேரையும் வெட்டு.
கூப்பிடுற அன்னைக்கு
அவன் தண்ணிக்குள்ள இருந்துதான் ஏறி வருவான்.
வல்லம் வர்றப்போ
கரையில ஆள் நிக்க வேண்டாமா?"

ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன்.
குமிழ் நடுவில் நிற்கவே இல்லை.
தோண்டிய மணலைத் திரும்பத் தள்ளினேன்;
குழிக்குள் இருந்த கடல்
சத்தமில்லாமல் கீழே போனது.

இரவு கோயில் முற்றத்தில் தீ மூட்டினார்கள்.
கச்சான் பாஸ்காத் திரியை இரண்டு முறை அணைத்தது.
மூன்றாம் முறை சாமியார்
அங்கியால் மறைத்துக்கொண்டு ஏற்றினார்.
மணி அடித்தது. எல்லாரும் பாடினார்கள்.
நானும் வாயசைத்தேன்.
நகக்கண்ணில் அந்த மணல் உறுத்தியது.
விசுவசிக்கிறாயா என்று கேட்டபோது
விசுவசிக்கிறேன் என்று ஊரோடு சொன்னேன்,
சொல்லிவிட்டு அவளைத் தேடினேன்.
முன்வரிசையில், தோளில் தூங்கும் பிள்ளையோடு,
சண்டைக்கு நிற்பவள்போல் நின்றாள்.

விடிந்ததும் மகனிடம் கொடுத்து விட்டிருந்தாள்
வாழை இலையில் நாலு சுட்ட நகரை.
கூலியில் கழிக்க வேண்டாமாம்.

வாசலில் உட்கார்ந்து தின்றேன்.
உள்ளங்கையில் துப்பிய முள்ளைக்
கொஞ்ச நேரம்
எறியாமல் வைத்திருந்தேன்.