இருவரில் யார்

பாடாங் செராய் கிளினிக்கில்
முதியோருக்குத் தனி வரிசை.
"ரெண்டு பேர்ல யாரு நோயாளி?" என்றாள் மிசி.
அப்பாவுக்கு எண்பத்தெட்டு. எனக்கு அறுபத்தொன்று.
இருவர் மடியிலும் மருந்துப் பை.

கையுறைத் தொழிற்சாலை
ஜூனில் கேக் வெட்டி என்னை அனுப்பியது.
ஆகஸ்டில் திரும்பக் கூப்பிட்டது,
ஒப்பந்தத்தில், இரவு வேலைக்கு,
முந்நூறு வெள்ளி குறைத்து.
சேமநிதியில் பாதி கூரைக்கு,
மீதி தம்பி மகளின் ஜொகூர் வீட்டு முன்பணத்துக்கு.
ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுவாள்:
"அத்தை, தாத்தாவுக்கு பெம்பர்ஸ் ஆர்டர் போட்டிருக்கேன்,
பெரிய சைஸ்."
சரியாக வந்துவிடும்.
குறை சொல்ல ஒன்றுமில்லை.

இரவுகளில்
செம்பனைக் காட்டில் குலை வெட்டும் ரோபியுல்
அப்பாவின் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொள்கிறான்.
ஓர் இரவுக்கு இருபது வெள்ளி.
அவனுக்குத் தமிழ் தெரியாது.
அப்பாவுக்கு இப்போது யாரையும் தெரியாது.
"டேய்" என்று சத்தம் வந்தால்
எழுந்து புரட்டிப் படுக்க வைப்பான்.
சில்ஹட்டில் அவன் அப்பாவும் படுக்கையில்தான்.
என் இருபதில் எட்டு
அங்கே புரட்டிவிடும் யாரோ ஒருத்திக்குப் போகிறதாம்.

நேற்று விடியலில் வேலை முடிந்து வந்தேன்.
முட்டி மடங்கவில்லை.
கட்டில் விளிம்பைப் பிடித்து
அப்படியே சாய்ந்தேன்.

அப்பா
கண் திறக்காமல்
சுவரோரம் நகர்ந்து
இடம் விட்டார்.