புறம்பாகத் தோய்க்க வேண்டியது

மொன்றியல், பார்க் எக்ஸ்டென்ஷன்.
என் கடைக்கு ஒவ்வொரு செப்டம்பரும்
ஒரு பிரெஞ்சு சைக்கிள் அணி உடுப்புத் தோய்க்க வரும்.
அங்கே அவர்களுக்குச் சொந்த லொறி,
லொறிக்குள்ளேயே மெஷின்.
கடல் தாண்டினால் அவர்களும்
சில்லறை தேடுகிற ஆட்கள்தான்.

எட்டு வலைப்பை. விதி மாறியபின் ஏழு.
மாறுவதற்கு முன் ஒரு வருடம்
எட்டாவது பை வெறுமையாக வந்தது.
சுகமில்லை என்றாள் மரிவோன்.
பேப்பரில் வேறு காரணம் போட்டிருந்தார்கள்.
நான் கேட்கவில்லை. அவள் அந்தப் பையை
நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

மரிவோன் கால் பிடித்துவிடுகிறவள்.
இருபத்தெட்டு வருடம், ஒரே அணி.
மெஷின் சுழலும் நாற்பது நிமிடத்தில்
கதை சொல்வாள், தவணை முறையில்.

முதலில் வெண்ணெய்க்காரன்.
தன் வெண்ணெய் நிறத்தில் சட்டை கேட்டானாம்.
மஞ்சள் முன்னுக்குப் போகிறவனுடையது,
உனக்கில்லை என்றார்களாம்.
வெளிறி வெளிறி, கடைசியில்
பழைய பல்லின் நிறத்துக்குச் சம்மதித்தார்கள்.
பிறகு ஓட்டுக் கம்பனி, செம்மண் சிவப்பு.
பிறகு காப்புறுதிக்காரன், நீலம்.
விழுந்தவனுக்குக் காசு தராமல் இழுத்தடித்தவனும்
அவனேதான். இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பாள்.
பிறகு ஜன்னல்.
எனக்குத் தெரிந்தது ஜன்னலின் வெள்ளை.
வெள்ளை என்றால் என் பாடு.

வென்றீர்களா என்று ஒருநாள் கேட்டேன்.
தொண்ணூற்று மூன்றில் ஒரு தரம், என்றாள்.
ரயில் கடவை மூடிக்கொண்டது.
கூட்டம் முழுக்கப் பின்னால் நிற்க
கெர்வெல்லா என்கிறவன் மட்டும் இந்தப்பக்கம்.
திரும்பித் திரும்பிப் பார்த்தபடி
தனியாகப் போய்ச் சேர்ந்தானாம்,
ஏதோ களவெடுத்தவன் போல.

ஆயிரம் யானை கொன்றவனுக்குப் பரணி.
ரயில் வந்ததால் வென்றவனுக்கு
என்ன பாடுவது?
உலர்த்தியில் இன்னொரு காசு போட்டேன்.

ஓட்டத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.
மலையைப் பதினேழு தரமோ பதினெட்டோ
ஏறி இறங்குவார்களாம்.
ஞாயிறு, கடையில் சனம்.
எனக்கு உடுப்புச் சொல்லும்:
முழங்கையில் தார், யாரோ விழுந்திருக்கிறான்.
மார்பில் மாம்பழ ஜெல், கை நடுங்கியிருக்கிறது.
முதுகில் உப்பு வெள்ளைக் கரை கட்டினால்
வெயில் இருந்திருக்கிறது.
இரத்தத்துக்குச் சுடுதண்ணீர் ஆகாது.

த்ரெவிடிக்கின் சட்டைகள்
இடுப்புப் பக்கம் தொய்ந்திருக்கும்.
மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல்
சொருகிச் சொருகி.
காரிடம் பின்வாங்கி, வாங்கி,
திரும்ப முன்னேறி, கொடுத்து,
அதோடு அவன் நாள் முடிந்துவிடும்.
முடிவுப் பட்டியலில் அவனைத் தேடினால்
பக்கம் புரட்ட வேண்டும்.
அவன் உள் பனியனில் பெயர்ப்பட்டி கழன்றிருந்தது.
லோய்க் என்பதை அவர்கள் எப்படி எழுதுவார்களோ,
நீலநூலில் 'லோ' என்று
தமிழிலேயே தைத்துவிட்டேன்.
அடுத்த வருடம் மரிவோன் சொன்னாள்:
அது சீன எழுத்தென்று எல்லோருக்கும் சொல்லித் திரிகிறானாம்.

போன செப்டம்பர் அவள் மெஷினடியில் இருக்கவில்லை.
வெளியில், மழைக்குள், போனில் நின்றாள்.
ஜன்னல் கம்பனியை யாரோ வாங்கிவிட்டார்கள்.
வாங்கினவனுக்கு சைக்கிள் பிடிக்காது.
முப்பத்தெட்டு வருடம், நாலு நிறம்.
மிச்சக் காசை வேண்டாம் என்றாள்.
ஒரு டொலர் எழுபத்தைந்து சதம்.
இன்னும் லாச்சிக்குள் கிடக்கிறது.

இந்த வருடம் வேறு அணி, வேறு தேசத்துக் காசு.
காதில் வயர் மாட்டிய பொடியன்
பைகளை இறக்கிவிட்டு
எல்லாத்தையும் ஒன்றாய்ப் போடு என்றான்.
எல்லாம் கறுப்பு.
மூன்றாவது பையில் கைவிட்டபோது
ஒரு வெள்ளைப் பனியன்.
நிறம் மங்கி, கழுத்து இழுபட்டு,
உள்ளே நீலநூல்.

கறுப்பு சாயம் விடும்.
அதை எடுத்துப் புறம்பாக வைத்தேன்.