ஒளிராத குழாய்

நூக்குஸில் பிப்ரவரி.
ஆய்வகத்தின் வெளிச்சுவரில் பனி;
பனிக்கு அடியில், கடல் விட்டுப்போன உப்பு.
முப்பத்தேழு பாகை இங்கே
ஒரு பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கிறது.
அதில் பெர்தேபாயின் சளியை வைத்திருக்கிறேன்.

அவசரக்காரர்கள் இந்தக் கிருமியிடம் வராதீர்கள்.
மற்றவை இருபது நிமிடத்தில் இரண்டாகும்.
இதற்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும்.

விழுங்க வந்த வெள்ளணுவின் வயிற்றிலேயே குடித்தனம்.
சர்க்கரைக்குக் காத்திருப்பதில்லை.
வீட்டுக்காரனின் கொழுப்பை உருக்கி
அவன் அடுப்பிலேயே சமைக்கிறது.

உடல் சுற்றிச் சுவர் எழுப்பும்,
காற்றை அடைக்கும்.
சரி, என்கிறது கிருமி.
பெருகுவதை நிறுத்திவிட்டு
சாகாமலிருக்க எவ்வளவு தேவையோ
அவ்வளவே எரிக்கிறது.
வருடக்கணக்கில்.
வளர்ச்சியைத் தாக்கும் மருந்துகள்
பூட்டிய கடை வாசலில் நின்று
விலை கேட்டுவிட்டுத் திரும்புகின்றன.

பெர்தேபாய் மொய்னாக்கில், மீன் ஆலையில்
டப்பாக்களுக்கு மூடி போட்டவர்.
கடல் போன பிறகும் எங்கோ தூரத்துக் கடல்களிலிருந்து
உறைந்த மீன் ரயிலேறி வந்ததாம்.
"லாபத்துக்கில்லை தங்கச்சி,
கொதிகலன் அணையாமல் இருக்க."
சொல்லிவிட்டு இருமினார்.
நான் முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டேன்.

புது மாத்திரை சுவரோடு மல்லுக்கு நிற்பதில்லை.
கிருமியின் தோலில் ஒரு சக்கரம் உண்டு,
நம் கண்ணுக்கு எட்டாத ஆலைச் சக்கரம்;
புரோட்டான்கள் புக அது சுழலும்,
சுழலச் சுழல ஆற்றல் காசாக அச்சாகும்.
மாத்திரை அங்கே போய் ஆப்பு வைக்கிறது.

முதல் நாள் ஒன்றுமில்லை.
இரண்டாம் நாள், மூன்றாம் நாள், ஒன்றுமில்லை.
கையிருப்பைக் கரைத்துக் காலம் தள்ளுகிறது.
அதற்குப் பிறகுதான் சரிவு.
பட்டினி கிடந்து பழகியதற்கும்
பட்டினிக்கு ஒரு எல்லை இருக்கிறது.

மூன்றாம் மாதம் செவிலி பீபிஆயிம் மாடியேறி வந்தாள்.
"பாதம் மரத்துப்போச்சாம்.
யாரோ அவர் காலுறையைப் போட்டு
நடக்கிற மாதிரி இருக்காம்."
அது கூடவே கொடுக்கும் இன்னொரு மருந்து.
நம் செல்களுக்குள் எரியும் உலைகளும்
ஒரு காலத்தில் பாக்டீரியாக்கள்தாம்.
நாம் மறந்துவிட்டோம். அந்த மருந்து மறக்கவில்லை,
பழைய உறவுமுறையைக் கண்டுபிடித்து அடிக்கிறது.
அளவைக் குறைத்தார்கள்.
கால் முழுதாகத் திரும்புமா,
யாரும் உறுதி சொல்லவில்லை.

இரண்டு கிலோ கூடியிருக்கிறார்.
தேநீருக்குச் சர்க்கரை போதவில்லை என்று சண்டை போடுகிறார்.

என் குழாயின் அடியில் ஒரு சாயம்.
உள்ளே எதுவோ மூச்சு விட்டு
ஆக்சிஜனைத் தின்று தீர்த்தால்
புறஊதா விளக்கில் ஆரஞ்சாக ஒளிரும்.
இன்று முப்பத்தொன்றாம் நாள்.
விளக்கை அணைத்துப் பார்த்தேன், போட்டுப் பார்த்தேன்.
இருட்டு.

நாற்பத்திரண்டு நாள் முடியும்வரை
இல்லை என்று எழுதக்கூடாது.
தேதியை மட்டும் குறித்துவிட்டு
பெட்டியை மூடினேன்.
கை கொஞ்ச நேரம் சூடாகவே இருந்தது.