வான்வழி, 29.4

கிருஷ்ணகிரியில் கலந்தாய்வு நாளன்று
ஜோதிலிங்கம் சார் திரையை என் பக்கம் திருப்பினார்.
ஒரு புள்ளி நான்: குள்ளேதொட்டி, அஞ்செட்டிக்கும் மேலே.
ஒரு புள்ளி மாதப்பன்: பென்னாகரத்துத் துணை மின்நிலையம்.
நடுவே ஒரு சிவப்புக் கோடு,
புதுக் கொடிக்கயிறு மாதிரி விறைப்பாக.

“இருபத்தொன்பது புள்ளி நாலு, நாகவேணி டீச்சர்.
முப்பது இருந்தால்தான் கணவன் மனைவி முன்னுரிமை.”

பஸ்ஸில் அறுபத்தொன்று சார் என்றேன்.
பஸ்ஸை யார் கேட்டது, வான்வழி என்றார்.
அதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது,
ஏதோ எனக்கு டிக்கெட் போட்டுத் தந்ததுபோல.

கோடு போகிற இடமெல்லாம் எனக்குத் தெரியும்.
கேழ்வரகுக் கொல்லை, யானைக்கு வெட்டிய அகழி,
சின்னாறு, அதில் தண்ணீர் இல்லாத மாதங்கள்,
யாரும் பெயர் வைக்காத இரண்டு குன்று.
கோடு எதையும் சுற்றிப் போவதில்லை.
நான் சுற்றுகிறேன்.
சனிக்கிழமை மினி பஸ் வராவிட்டால்
பால் வண்டியில் அஞ்செட்டி வரை, கேன்களோடு.
வனத்துறை கேட்டு ஆறு மணிக்கு மூடும்.
ஐந்து ஐம்பதுக்கு ரோட்டில் ஒற்றைக் கொம்பன் நின்றால்
அந்த வாரம் அவர் கிளறிய களியை
அவரே தின்று தீர்க்க வேண்டியதுதான்.

விமானம் இல்லை என்று சொல்ல முடியாது.
பெங்களூருக்கு இறங்குவது ஒன்று உண்டு,
ஆறே முக்கால் சுமாருக்கு.
முதலில் அவர் தலைக்கு மேல்.
“வந்துடுச்சு” என்பார் போனில்.
நான் எண்ணத் தொடங்குவேன்.
ஆடு ஓட்டிவரும் சிக்கமல்லு கூடவே
ஒந்து, எரடு, மூரு.
நூறு வரைதான் அவனுக்கு நடத்தியிருக்கிறேன்.
நூறு முடிந்ததும் மறுபடி ஒந்து என்பான்.
அவன் இரண்டாம் தடவை தொண்ணூறைத் தொடும்போது
புளியமரத்துக்கு மேல் விளக்கு மினுக்கும்.

எதிர்க்காற்று நாளில் இருநூற்றுப் பத்து ஆகும்.
“இன்னிக்கு ரொம்பத் தள்ளிப் போயிட்டே”
என்பார் மாதப்பன்.

பள்ளியில் சிக்னல் கிடையாது.
பின்னால் ஒரு பாறை, பிள்ளைகள் வைத்த பெயர் டவர்.
அதில் ஏறினால் இரண்டு கோடு வரும்.
கலந்தாய்வு முடிந்த மறுநாள்
விளையாட்டு விழாவுக்கு வாங்கிய முப்பது மீட்டர் நாடாவை
கொடிக்கம்பத்திலிருந்து இழுத்துக்கொண்டே போனேன்.
ஒரு முனையைச் சிக்கமல்லு பிடித்துக்கொண்டான்.
இருபது தடவை.
கோட்டுக்கு நேர் பின்புறம், சரியாக அறுநூறு மீட்டர்.

அதாவது,
பாறையில் நின்று அவரோடு பேசும் அரைமணி நேரம்
அரசாணைப்படி நாங்கள் பிரிந்திருக்கிறோம்.
போனை வைத்துவிட்டுப் பள்ளிக்கு இறங்கினால்
சேர்ந்துவிடுகிறோம்.

மேல்முறையீட்டு மனுவில்
பணியிட முகவரி என்ற கட்டத்தில்
‘பாறை’ என்று எழுதினேன். அடித்தேன்.
அடித்தது அசிங்கமாகத் தெரிந்தது, வேறு தாள் எடுத்தேன்.
அதையும் இங்கேதான் கொண்டுவந்திருக்கிறேன்,
முழங்காலில் வைத்து எழுத.
காற்றில் தாள் நிற்கவில்லை.
போனில் நாலு சதவீதம் சார்ஜ்.

“வந்துடுச்சு.”

ஒந்து, என்கிறான் சிக்கமல்லு.